லேட் லிஸ்ட்

அந்த நவீன்குமார் மட்டும் அப்ப எதிர்ல வந்திருந்தா, பளார்னு ஒண்ணு விட்டிருப்பேன்.

பின்ன இன்னாங்க? ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனி. அதுல ஒரு வருஷமா சிஸ்டம் ஆபரேட்டர்னு உட்கார்ந்திருக்கான். லேட்டா வர்றவங்க பேரைத் தர்ற லேட் லிஸ்ட் ஓடல. "பாத்துட்டிருக்கேன் சார், பாத்துட்டிருக்கேன் சார்"னே ஆறு மாசத்தை ஓட்டியிருக்கான். கடைசியில மேனேஜர் கிருபானந்தம் அவனைத் துரத்திட்டு என்னை எடுத்தார். காட்பாடியில ரெண்டு வருஷம் யூனிக்ஸ் படிச்சவ நான்.

அன்னிக்கு எனக்கு முதல் நாள். முதல் நாளே லேட்டு. ரயில்வே கேட்டுல கூட்ஸ் வண்டி வந்து அப்படியே நின்னுடுச்சு. ஒருவழியா கேட்டைத் திறந்தா, என் ஸ்கூட்டி கிளம்பல. கம்பெனிப் பொம்பளைங்க எல்லாம் சங்கு ஊதிடும்னு விழுந்தடிச்சு ஓடறாங்க. ஒருத்தங்க மட்டும் நின்னாங்க. டிபன் கூடையை என் வண்டியில மாட்டிட்டுத் தள்ள ஆரம்பிச்சாங்க.

"நீங்க ஓடுங்கக்கா, உங்களுக்கு லேட்டாவுது."

"தனியா எப்டிம்மா தள்ளுவே? புடி, புடி. இந்தக் கூட்ஸோட தினம் இதே பேஜாரு. நான் மஹ்பூபி. ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற அப்பர் செக்‌ஷன்."

எட்டே காலுக்கு மேலதான் உள்ளே போனோம். அவங்க கார்டைத் தேய்ச்சிட்டு ஓடினாங்க. ஆபீஸ் ஸ்டாஃபுக்குக் கார்டு கிடையாது.

பயந்துட்டே போய் நின்னேன். கிருபானந்தம் சார் சிரிச்சார்.

"கேட்டு போட்டிருப்பான். எனக்குத் தெரியாதா இன்னா? டீ சாப்ட்டுட்டு ஆரம்பிம்மா ஃபீபி."

அப்புறம் விஷயத்துக்கு வந்தார். சொல்லும்போதே முகம் சிவந்துடுச்சு.

"ஆயிரத்து இருநூறு பேரு வேலை செய்றாங்க. மாசத்துல மூணு லேட்டுன்னா கார்டைப் பிடுங்கிட்டு வீட்டுக்கு அனுப்பணும். அதான் ரூல். ஆறு மாசமா ஒரு பேரு வரல! எல்லாரும் டாண்ணு எட்டு மணிக்கு வந்துடறாங்களா? யாரு காதுல பூ சுத்தறான் அவன்? நீயும் முடிக்கலைன்னா, அவன் போன வழியிலயே போக வேண்டியதுதான்."

"இன்னிக்கே முடிச்சுத் தர்றேன் சார்."

விண்டோஸ் மெஷின். அதுல யூனிக்ஸ் கமாண்டு ஓடறதுக்கு சிக்வின்னு ஒரு சாஃப்ட்வேர் போட்டு வெச்சிருந்தாங்க. கார்டு தேய்ச்சவங்க நம்பர், பேரு, நேரம் எல்லாம் ஒரு ஃபைல்ல. கார்டு நம்பரெல்லாம் இன்னொரு ஃபைல்ல. இந்த நம்பரை அதுல தேடி, எட்டு அஞ்சுக்கு மேல யாரு எத்தனை தடவை வந்தாங்கன்னு எண்ணிச் சொல்லணும். அவ்ளோதான் வேலை.

ஓட்டினேன். எரரும் இல்ல, பேரும் இல்ல. வெறும் திரை.

ஃபைல் இருக்கிற இடம், அந்த பாத் சரியா இருக்குதான்னு பார்த்தேன். இருந்துச்சு. ஃபைல் பேர்ல ஸ்பேஸ் விட்டுத் தொலைச்சானான்னு பார்த்தேன். இல்ல. ஒரு நம்பரை நானே டைப் அடிச்சு, தேடிக் குடுக்கிற கிரெப் கமாண்டுக்குக் குடுத்தேன். பொலபொலன்னு வந்துச்சு! அதே நம்பர் ஃபைல்ல இருந்து போனா மட்டும் வரல.

ஒளிஞ்சிருக்கிற எழுத்தெல்லாம் தெரியற மாதிரி அந்த ஃபைலைத் திறந்தேன். ஒவ்வொரு நம்பர் வாலுலயும் தொப்பி போட்ட ஒரு எம் ஒட்டிட்டிருந்துச்சு.

அடப்பாவி! நோட்பேடுல டைப் அடிச்சு சேவ் பண்ணியிருக்கான். நோட்பேடு ஒவ்வொரு வரி முடிவுலயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்தைச் சேர்க்கும். யூனிக்ஸ் கமாண்டு அதையும் நம்பரோட சேர்த்துத் தேடும். எந்த ஜென்மத்துல கிடைக்கும்? ஒரே கமாண்டு. எல்லா எம்மும் போச்சு. அஞ்சு நிமிஷ வேலைங்க! இதுக்கு ஆறு மாசம்!

ஆத்திரம் தாங்கல. லிஸ்டைப் பிரிண்டருக்கு அனுப்பிட்டு, டேபிள் கண்ணாடிக்கு அடியில இருந்த அவன் நம்பருக்குப் போன் போட்டேன். இப்ப திருப்பத்தூர்ல ஒரு ஜெராக்ஸ் கடையில நிக்கிறானாம்.

"ஏன்யா, விண்டோஸ் ஃபைலுக்கும் யூனிக்ஸ் ஃபைலுக்கும் வித்தியாசம் தெரியாத நீயெல்லாம் எதுக்குய்யா கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தே?"

"நம்பர் ஃபைலா மேடம்?" அவன் பதறவே இல்ல. "நான்தான் நோட்பேடுல சேவ் பண்ணேன். தெரிஞ்சேதான் பண்ணேன்."

"தெரிஞ்சேவா?"

"முதல்ல லிஸ்ட் நல்லாத்தான் ஓடுச்சு. ஒரே நாள்ல பதினாலு பேரு கார்டைப் பிடுங்கிட்டாங்க. எல்லாரும் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்துக்காரங்க." அவனே கேட்டான். "ஏழே முக்கால் கூட்ஸ் இன்னும் கேட்டுல நிக்குதா மேடம்?"

பிரிண்டர் கறகறன்னு பேப்பரைத் தள்ளிட்டிருந்துச்சு. மூணாவது வரி: மஹ்பூபி, அப்பர் செக்‌ஷன். லேட்டு மூணு. கடைசி லேட்டு, இன்னிக்கு, எட்டு பதினேழு.

எட்டு பதினேழுக்கு நானும் அவங்க பக்கத்துலதான் நின்னேன். எனக்கு டீ குடுத்தாங்க.

போனை வெச்சேன். கோவம் அடங்கல, ஆளு மட்டும் மாறிடுச்சு. பேப்பரைக் கிழிச்சுக் கைப்பையில திணிச்சேன். எடுத்த எழுத்தையெல்லாம் இன்னொரு கமாண்டு போட்டுத் திரும்ப ஒட்ட வெச்சேன்.

கிருபானந்தம் சார் கதவைத் தள்ளிட்டு வந்தார்.

"இன்னாம்மா, பேரு வந்துச்சா?"

அவர் கண்ணு முன்னாடியே ஒரு தடவை ஓட்டிக் காட்டினேன். வெறும் திரை.

"மன்னிச்சிருங்க சார். நவீன்குமார் அளவுக்குத்தான் எனக்கும் கம்ப்யூட்டர் தெரியும்."