ஆயிரம் நாள் பலகை

விரலைத் தின்ற அந்த மெஷினை ஜெயமணி ஒருவழியாக வாசலுக்கு இழுத்து வந்து போட்டாள். வாங்கிப்போக வந்திருந்த ஆஞ்சப்பன் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தூசியை ஊதிவிட்டு ஒயரைத் தூக்கிப் பார்த்தார்.

"ஓடுதுங்களாம்மா?"

"நல்லா ஓடுது. அது ஓடுறதுதான் எனக்குத் தொல்லை" என்றாள்.

தையல் மெஷின் மாதிரிதான் இருக்கும். ஊசி இருக்கிற இடத்தில் மெல்லிய ரம்பம் மேலும் கீழுமாக ஓடும். ஸ்க்ரோல் சா என்பான் அவள் புருஷன் பாஸ்கரன். மத்திகிரிக்குக் குடிவந்த வருடம் ஆசைப்பட்டு வாங்கியது. ஷிப்டு முடிந்து வந்தால் அவனுக்குச் சோறு இரண்டாம் பட்சம். பேக்கிங் பலகையில் மயில் படத்தை ஒட்டி, தோகையின் நெளிவெல்லாம் பிசகாமல் அறுத்தெடுத்து, சேண்ட் பேப்பர் போட்டு வழவழப்பாக்கி, எண்ணெய் தடவித் தெருவில் யாருக்காவது சும்மா கொடுத்துவிட்டு வருவான். குடியில்லை, சீட்டில்லை, இந்த ஒரு பைத்தியம்தான் என்று ஜெயமணியே பெருமையாகச் சொல்லித் திரிந்த காலம் உண்டு.

போன வருஷ மாங்காய் சீசனில் அவள் வேப்பனப்பள்ளியில் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தாள். வந்து பார்த்தால் அவன் இடது கையில் பெரிய கட்டு. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. மயில் அறுக்கும்போது கை நழுவிவிட்டது என்றான். பாதி அறுத்த மயில் மெஷினிலேயே இருந்தது, பலகையில் ஒரு சொட்டுக் கறை கிடையாது. அந்த வலியிலும் எல்லாவற்றையும் துடைத்து வைத்திருக்கிறானே என்று அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கான்ட்ராக்டில் கிடந்தவனைக் கம்பெனி அந்த மாதமே நிரந்தரமாக்கியதுதான் ஒரே ஆறுதல்.

அழுகை ஓய்ந்ததும் வெட்கம் பிடித்துக்கொண்டது. வேலையில் விரல் போனால் உழைத்த இடத்தில் போனது என்று நாலு பேரிடம் சொல்லலாம். விளையாட்டுச் சாமானில் விட்டுவிட்டு நிற்கிறவனை என்னவென்று சொல்வது? தண்ணீர் லாரி வரிசையில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தம்பி கல்யாணத்தில், போட்டோ எடுத்து முடிகிற வரைக்கும் கையைப் பாக்கெட்டை விட்டு எடுக்காதீங்க என்று அவள்தான் சொன்னாள். அவனும் மறுபேச்சுப் பேசாமல் அப்படியே நின்றான்.

ஆனாலும் மெஷினை மட்டும் அவன் விடவில்லை. மிச்சமிருந்த விரல்களால் பலகையைப் பிடித்துக்கொண்டு மறுபடி அறுக்க உட்கார்ந்தான். ஒரு வருஷம் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, கம்பெனி கேட்ட பலகையை முடித்ததும் மெஷின் வீட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். சரி என்று தலையாட்டினான். அன்று சாயங்காலம் அவன் ஒரு வாய் சாப்பிடவில்லை.

கம்பெனி கேட்டது ஒரு தேக்குப் பலகை. 'விபத்தில்லா 1000 நாட்கள்' என்று எழுத்து வெட்ட வேண்டும், வரும் திங்கட்கிழமை விழா. கேட்டில் நாள் எண்ணும் போர்டு ஒன்று தொங்குகிறதாம். உள்ளே ஒருத்தருக்கு அடிபட்டாலும் அது பூஜ்யத்துக்கு இறங்கிவிடுமாம். ஆயிரத்தைத் தொடுவது லேசுப்பட்ட காரியமில்லை என்று சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்து காப்பி குடித்துவிட்டுச் சொல்லிப் போனார். அந்தப் பலகைக்குத்தான் பாஸ்கரன் இப்போது உள் அறையில் உட்கார்ந்து, துணியில் எண்ணெய் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"இவ்ளோ நல்லா வச்சிருக்கிற மெஷின ஏம்மா குடுக்கிறீங்க?" என்றார் ஆஞ்சப்பன். தளியில் ரோஜா பயிரிடுகிறவர் அவர். அவருக்கும் இதே பைத்தியம், இருந்த மெஷின் பழுதாகிப்போனது.

ஜெயமணி உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்து விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போதே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆஞ்சப்பன் ரம்பத்தை நகத்தால் சுண்டினார். பிறகு தன் கட்டை விரலை நீட்டினார். குறுக்கே நாலைந்து பழைய தழும்புகள்.

"நானும் அஞ்சாறு தரம் இதுல கைய வுட்டுக்கிறேன்மா. தோலு கிழியும், ரெண்டு தையலு போடுவாங்க. எலும்புல பட்டுதுன்னா இந்த பிளேடுதான் அறுந்து போவும், நூலு மாதிரி இருக்குது பாருங்க. இதுல ரெண்டு விரலு துண்டா போவாது."

உள்ளே துணி தேய்க்கும் சத்தம் நின்றது.

ஆஞ்சப்பன் அந்தப் பக்கம் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவரு கிட்ட இன்னொரு தரம் கேட்டுக்கிட்டு போன் போடுங்க என்று சொல்லிவிட்டு, வெறும் கையோடு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

ஜெயமணி உள்ளே போனாள். கறை இல்லாத அந்த மயில்தான் நினைவில் நின்றது. பாஸ்கரன் தலை நிமிரவில்லை. எண்ணெய் குடித்த பலகையில் ஆயிரம் பளபளத்தது. அவன் இடது கை தானாகச் சட்டைப் பாக்கெட்டுக்குள் போவதைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை வெளியே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்கதாங்க போச்சு?"

அவன் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தான்.

"அன்னைக்குக் கேட் போர்டுல அறுநூத்திப் பன்னெண்டு, ஜெயா. மறுநாள் காலையில அறுநூத்திப் பதிமூணுன்னு மாத்துனாங்க."