கும்பாவில் ஒரு பேர்

புது வீட்டுக்கு அடுத்த வாரம் பால் காய்ப்பு. கையிலிருக்கும் காசுக்குக் கட்டுப்படியாகாது என்று சோபாவை ஒதுக்கிய ஷீனா, ராஜபாளையம் பாத்திரக்கடையில் கனமான எவர்சில்வர் கும்பா ஒன்றை எடுத்தாள்.

“அண்ணே, இதுல ‘எலினா அன்பளிப்பு’ன்னு பேர் வெட்டுங்க. நல்லாப் பெருசா.”

கணவன் பெனினுக்குக் கண் கலங்கிவிட்டது. “எங்க அக்கா பேரா? நீ கொண்டுவந்த சீர்ப் பாத்திரத்தை எல்லார் முன்னாலயும் அம்புட்டுக் கேவலமாப் பேசுனாளே!”

“இருக்கட்டும். பால் காய்ப்புக்கு மதினி வரும்போது கும்பா வாசல்லயே இருக்கணும்.”

“அக்கா பூரிச்சுப் போவா, ஷீனா.”

கும்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஷீனா பைக்கில் ஏறினாள்.

“எங்கம்மா கொடுத்த பாத்திரத்துல நாய்கூடத் திங்காதுன்னு மதினி சொன்னாவல்ல? அவிய பேர் வெட்டுன கும்பாவுல திங்குதான்னு பாப்போம். வண்டியச் சோழபுரத்துக்கு விடுங்க, நாய்க்குட்டியத் தூக்கிட்டு வருவோம்.”