கொஞ்சம் வெளியே இருங்க

அம்மா மாத்திரை அட்டையை மறுபடியும் திருப்பிப் பார்த்தாள்.

முன்பக்கம் பார்த்தாயிற்று. பின்பக்கமும் பார்த்தாயிற்று. அம்மா தேடுவது அட்டையில் இல்லை, தன் முகத்தில் என்று மகளுக்குத் தெரிந்தது.

பதினேழு வயது. மாதவிலக்கு வராவிட்டால் மாதக்கணக்கில் வராது. வந்தால் நிற்காது. பள்ளியில் மயங்கி விழுந்த பிறகுதான் டாக்டரிடம் போனார்கள்.

டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். கருத்தடை மாத்திரைதான், ஆனால் இவளுக்குக் கொடுப்பது மாதவிலக்கு ஒழுங்காக வருவதற்கு. அம்மா பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினாள்.

ஆட்டிய தலை மெடிக்கல் கடையில் நின்றுவிட்டது.

கடைக்காரர் அட்டையைக் காகிதப் பையில் போட்டுவிட்டு மகளை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். அந்தப் பார்வையை அம்மா வீடுவரை தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

கோயில் கொடைத் திருவிழா வந்தால் தீட்டைத் தள்ளிப்போட ஒரு மாத்திரை. சித்தியின் புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு ஒரு மாத்திரை. அதையெல்லாம் அம்மாவேதான் வாங்கிக் கொடுத்தாள். விழுங்கியாயிற்றா என்று வாயைத் திறந்து காட்டச் சொல்வாள். ஆனால் எந்த அட்டையையும் திருப்பிப் பார்த்ததில்லை.

இப்போது கேள்விமேல் கேள்வி.

டியூஷனுக்கு யாரோடு போகிறாள். கூடப் படிக்கும் யுகேந்திரன் எதற்கு அவளுக்கு நோட்ஸ் அனுப்புகிறான். அன்றைக்கு ஏன் பஸ்ஸை விட்டாள்.

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சொல்லச் சொல்ல, தான் எதையோ மறைப்பது போல அவளுக்கே தோன்றியது.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அதையும் அம்மா ஒரு பதிலாக எடுத்துக்கொள்வாள்.

அழவில்லை.

அம்மா அட்டையைக் கீழே வைத்தாள்.

"என்னைய வெளிய உக்காரச் சொல்லிட்டு, டாக்டரம்மாட்ட அப்படி என்னத்தட்டி சொன்ன?"

இதுதான். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அம்மாவின் தொண்டையில் நின்றது இதுதான்.

கொஞ்சம் வெளியே இருங்க என்று டாக்டர் சொன்னபோது, கதவு மூடும்வரை அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

டாக்டர் கேட்க வேண்டியதைக் கேட்டார். அப்படி யாரும் இல்லை என்று அவள் சொன்னாள்.

டாக்டர் நம்பினார்.

அதற்குப் பிறகு அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அதை அம்மாவிடம் சொல்லவே கூடாது என்று நினைத்திருந்தாள்.

"மாத்திரையப் பத்தி எங்கம்மாட்ட நீங்களே சொல்லிருங்கன்னு சொன்னேன். நான் சொன்னா நம்ப மாட்டாங்கன்னு சொன்னேன்."



அம்மா அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்தாள். மகளின் உள்ளங்கையில் வைத்தாள். தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் நகர்த்தினாள்.

வாயைத் திறந்து காட்டச் சொல்லவில்லை.

யாரும் சொல்லாமலே அம்மா எழுந்து, அறையை விட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

கதவுக்கு அடியில் இரண்டு பாதங்களின் நிழல். அது அங்கிருந்து நகரவில்லை.

அவள் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, வெளியே கேட்கும்படி, மடக் மடக்கென்று தண்ணீரைக் குடித்தாள்.