பீலிக்குள் வாழையிலை

கிருஷ்ணராஜுக்கு வயது இருபத்துமூன்று. ஹட்டனிலிருந்து வேலைக்கு வந்து, வெள்ளவத்தையில் ஜெகதீஸ்வரி ஆன்ட்டியின் மாடியறையில் வாடகைக்கு இருக்கிறான். காலை மழையில், கூரையோரம் மழைநீர் ஓடும் பீலி அடைத்து, தண்ணீர் சுவரெல்லாம் வழிந்தது.

“பீலிக்குள்ள குப்பை எறியிறது நீதான். அது மட்டும் உண்மையெண்டால் இண்டைக்கே அறையை விடோணும்!” என்றார் ஆன்ட்டி.

வேறு அறைக்கு எங்கே போவான்? ஏணியில் ஏறிப் பீலிக்குள் கையை விட்டான். கத்தை கத்தையாக வாழையிலைத் துண்டுகள் வந்தன.

“பாத்தியே! எல்லாம் நீ திண்டுபோட்டு எறிஞ்ச சோத்துப் பார்சல் இலை. பெட்டியைக் கட்டு!”

கிருஷ்ணராஜ் ஓர் இலையை விரித்துப் பார்த்தான். சிரிப்பு வந்தது.

“ஆன்ட்டி, நான் வாங்குற பார்சல்ல மீன்முள்ளு இருக்கும். இதுல எள்ளுச் சோறு ஒட்டியிருக்கே!”

சனிக்கிழமை தவறாமல் மாடி ஜன்னல் வழியே கூரையில் காகத்துக்கு எள்ளுச் சோறு வைப்பவர் அந்த வீட்டில் ஒருவர்தான். ஆன்ட்டியின் குரல் இறங்கியது.

“காகம் இலையையும் கொண்டுபோயிடும் எண்டெல்லோ நினைச்சனான்... இறங்கி வா தம்பி, பிளேன்டீ குடிப்பம்.”

காகத்துக்குச் சோறு வைக்கும் புண்ணியவான்களே, அது சாப்பிட்டதும் இலையை எடுத்துவிடுங்கள். மாடியறையில் ஒருவன் குடியிருக்கிறான்.