படகு கட்ட நல்ல இடம்

பசியில் ரத்தினசாமியின் வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டது. எங்காவது கரையில் படகைக் கட்டினால்தான் சோறு என்று ஆலப்புழைப் படகுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கூட வந்த நண்பர் தண்டபாணியோ, ஒவ்வொரு கரையிலும் செல்போனை உயர்த்திப் பார்த்துவிட்டு, "இங்க வேண்டாமுங்க, தள்ளிப் போங்க" என்றார். தென்னை நிழல் வேண்டாம், கோயில் துறையும் வேண்டாம்.

"ஏனுங்க மாப்ள, டவர் கெடைச்சாத்தான் சோறுங்களா? இங்கயும் பனியன் கம்பெனி நெனப்புத்தானா?"

"மொதலாளின்னா பொறுப்பு வேணுமுங்க."

இப்படியொரு முதலாளி கிடைக்க, மண்ணரையில் இவர் கம்பெனித் தொழிலாளிகள் கொடுத்துவைத்தவர்கள்தான் என்று ரத்தினசாமி பல்லைக் கடித்தார்.

கடைசியில் கொசு மொய்க்கும் சேற்று மூலை ஒன்று வந்தது. தண்டபாணியின் முகம் மலர்ந்தது.

"அருமையான எடமுங்க! இங்கயே கட்டுங்க."

ரத்தினசாமி போனை எட்டிப் பார்த்தார். டவர் ஒரு கோடுகூட இல்லை.

"போனை அணைச்சு வெச்சா, மொதலாளி ஓடிட்டான்னு பேசுவாங்க. டவரே இல்லைன்னா நம்ம மேல என்னங்க தப்பு?" என்றபடி தண்டபாணி இலை முன் உட்கார்ந்தார்.

விடிந்தால் தீபாவளி. அவருடைய டெய்லர்களுக்குப் போனஸ் இன்னும் பாக்கி.