வலப்பக்கச் சைலன்சர்

“இந்த நாடாவச் சுத்தினா குழாய் போயிடும் தம்பி. கற்பிட்டி உப்புக் காத்து உள்ளுக்குப் போய் நிண்டா, ஆறு மாசத்தில கறள் தின்னும்,” என்றார் பைக் திருத்தும் கில்பட் பாஸ்.

“மனிசிக்குக் கால் சுடுதாம். சைலன்சருக்கு நாடா சுத்தித்தான் கொண்டுவர வேணுமாம்,” என்றான் றொகான்.

“அவவுக்கும் இதைத்தான் சொன்னன். கேக்கிறா இல்லையே.”

றொகான் நிமிர்ந்து பார்த்தான். இருபத்திரண்டு நாள் கடலில் கிடந்துவிட்டு அவன் கரைக்கு வந்தது நேற்றுத்தான். “எப்ப சொன்னீங்க?”

“போன கிழமை. பைக்கில வந்தவ.”

“ஆரோட?”

பாஸ் குனிந்து ஸ்பானரைத் தேடினார். “அதை அவவிட்டயே கேளுங்க.”

றொகான் சைலன்சரைப் பார்த்தான். அது வலப்பக்கம் இருந்தது. கல்யாணம் கட்டிய ஒன்பது வருசத்தில் அல்பொன்சா பைக்கில் ஏறியதெல்லாம், கோயிலுக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும், கவுனை ஒதுக்கிக்கொண்டு இரண்டு காலையும் இடப்பக்கம் தொங்கவிட்டுத்தான்.

நாடா சுற்றாமலே அவன் புறப்பட்டான். ரோட்டுக்கு ஏறியதும் கண்ணாடியைப் பார்த்தான். பின்னால் வந்த லொறி தெரியவில்லை, வெறும் தார்தான் தெரிந்தது. யாரோ தன் உயரத்துக்குத் திருப்பி வைத்திருக்கிறான். அவன் றொகானிலும் கட்டை.

கட்டையான ஆம்பிளைகளை ஒவ்வொருவராக நினைத்தபடி வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

அல்பொன்சா முற்றத்தில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தாள். வலது கெண்டைக்காலில் மருந்துத்துணி கட்டியிருந்தது.

“சுத்தலையா?” என்றாள்.

“இடப்பக்கம் காலப் போடுறவளுக்கு வலப்பக்கச் சைலன்சர் எப்பிடிச் சுட்டது?”

அவள் ஒரு கருவாட்டைத் திருப்பினாள். பிறகு இன்னொன்றை. “ரெண்டு பக்கமும் காலப் போட்டுத்தான் இருந்தன்.”

“அப்ப கில்பட் பாஸுக்கும் தெரியும். ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.”

“மெல்லக் கதைங்க. உள்ள மெரினா படிக்கிறாள்.”

“அவளுக்கும் தெரியுமா?”

“ஓம். அவள்தான் முதல் நாள் கை தட்டினவள்.”

பெற்ற மகளுமா? அவன் பைக் சாவியை அவள் காலடியில் போட்டான்.

“பேரைச் சொல்லு. இல்லாட்டி இப்பவே திரும்பிக் கடலுக்குப் போயிடுவன். பிறகு இந்த வாசலுக்கு வர மாட்டன். நான் கடல்ல கிடக்க, ஆரிட முதுகுக்குப் பின்னால இருந்து ஊர் சுத்தினனீ?”

அல்பொன்சா சாவியை எடுத்து மண்ணைத் துடைத்தாள்.

“பின்னுக்குக் கருவாட்டுப் பெட்டி. முன்னுக்கு நான்.”