ஸ்டாண்ட் இல்லாத கூட்டம்

கிராமத்துச் சாலைகளில் நெடும்பயணம் கிளம்பிய ஐந்து கியர் சைக்கிள்களோடு, ஒரு பால்கார சைக்கிளும் ஒட்டிக்கொண்டது. கேரியர், மட்கார்டு, ஸ்டாண்ட் என்று சகல இரும்போடும் லொடலொடவென்று பின்னால் வந்தது.

"கனம் குறைய நாங்க ஸ்டாண்டையே கழட்டிட்டோம். நீ என்னடான்னா இரும்புக் கடையையே தூக்கிட்டு வர்றே!" என்று வழியெல்லாம் கியர் சைக்கிள்களின் நக்கல்.

பொட்டல்வெளியில் ஒரு டீக்கடை வந்தது. சாய்த்து வைக்கச் சுவருமில்லை, மரமுமில்லை. பால்கார சைக்கிள் மட்டும் ஸ்டாண்ட் போட்டு ஜம்மென்று நின்றது. ஓட்டி வந்தவர்கள் மற்ற ஐந்தையும் அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

சாய்ந்த வாக்கிலேயே ஐந்தும் கூட்டம் போட்டன.

"இதால நம்ம மானமே போகுது. இங்கேயே கழட்டி விட்டுடலாம்" என்றது சிவப்பு சைக்கிள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

பால்கார சைக்கிளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பணிவாகத்தான் சொன்னது: "பெரியவங்க பேச்சை மீற முடியுங்களா? இப்பவே கிளம்பிடறேன்."

ஸ்டாண்ட் டக்கென்று லேசாக அசைந்தது.

"ஐயோ அண்ணே! அசையாதீங்கண்ணே!" என்று ஐந்தும் அலறின. இதுவும் ஏகமனதாகத்தான்.